கணுக்காலைக் காட்டிய மதினிக்கு

மதினி,

இன்று காலை அடுத்த வீட்டில் யாரோ புன்னை எண்ணெய் காய்ச்சினார்கள். சுவரைத் தாண்டி அந்த வாடை வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் நான் நாங்குநேரியில் இல்லை. பாளையங்கோட்டையில் நம் வீட்டுப் பின்கட்டில் இருந்தேன். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டி, கணுக்காலைச் சுற்றிச் சூடான எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தைச் சுளிக்காமல், வேறு யாருடைய காலையோ தேய்ப்பது போல.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. விஷக் காய்ச்சல் வீட்டுக்கு ஒருவராகக் கொண்டுபோன அந்த மாதத்தில் உங்களையும் கொண்டுபோயிற்று. வண்டி கட்டிக்கொண்டு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. உடன்குடிப் பக்கம் பனையேறியின் மகள், மிஷன் பள்ளியில் படித்தவர், கணக்கில் அண்ணனையே மடக்குவீர்கள் என்று வீட்டில் பேச்சு. வந்த இரண்டாம் வருஷமே மிஷனில் உங்களுக்கு வேலை கிடைத்தது. வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்கு அவரவர் வீட்டுக்கே போய் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலை. காலையில் புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வயல் வரப்பு வழியாக ஊர் ஊராக நடப்பீர்கள். நாலு மைல் போக, நாலு மைல் வர. திரும்பி வரும்போது சேலை ஓரமெல்லாம் சேறாக இருக்கும். முகம் மட்டும் எங்கோ விருந்துக்குப் போய் வந்தது போல இருக்கும்.

கால் எப்போது வீங்கத் தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. காலையில் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். குத்தவைத்துப் பாத்திரம் துலக்க முடியாமல் முக்காலியைத் தேடுவதையும் பார்த்திருக்கிறேன். வேலைக்கு உடம்பு வணங்காமல் அப்படிச் செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "நாலு மைல் நடக்கத் தெரியுது, நாலு கொடம் தண்ணி எடுக்க வலிக்காக்கும்" என்று அடுக்களையிலிருந்து சொல்வாள். உங்கள் காதில் விழும்படிதான் சொல்வாள்.

நாட்டு வைத்தியர் வாதம் என்றார், எண்ணெய் கொடுத்தார். எலும்பு கட்டுகிறவர் சுளுக்கு என்று சொல்லிப் பாதத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன எதுவும் ஊரில் நிற்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் உங்கள் காலை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ யம்மா, இது யானைக்கால்லா!" என்று சொன்னாளே, அதுதான் நின்றது. ஒரே வாரத்தில் தெருவெல்லாம் அதே பேச்சு.

அப்போதுதான் எனக்கு நாங்குநேரியிலிருந்து சம்பந்தம் பேசி வந்திருந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர்கள் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டியது. "அந்த வீட்டுல யானைக்கால் நோவு இருக்காமே, கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

மதினி, அன்று சாயங்காலம் நீங்கள் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தீர்கள். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்ற தைரியத்தில் நான் சொன்னேன். "அவுக பொண்ணு பாக்க வார அன்னைக்கு நீங்க ஒங்க ஊருக்குப் போயிருங்களேன் மதினி."

உங்கள் கை நின்றது. பிறகு மறுபடி பின்னத் தொடங்கியது. முடிச்சுப் போட்டுவிட்டு, "கோணலா இருக்கான்னு பாரு" என்றீர்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் என்னை உறுத்தியிராது.

அதே வாரம் ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு வீட்டில், நீங்கள் வழக்கமாக உட்காரும் பாயை அந்த வீட்டுக்காரி சுருட்டி எடுத்துவிட்டாள். நீங்கள் நின்றுகொண்டே பாடம் சொல்லிவிட்டு வந்தீர்கள். மிஷனிலும், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று தன்மையாகச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னீர்கள்: "என்னன்னே தெரியாத நோவுக்கு நான் ஒளியமாட்டேன். யானைக்காலுன்னா யானைக்காலு. தெரிஞ்சுக்கிட்டு வீட்டுல இருக்கேன்."

ஊரில் ஒரு டாக்டரிடம் அண்ணன் கூட்டிப்போனான். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சேலைக்குக் கீழே தெரிந்த வீக்கத்தை ஒரு பார்வை பார்த்தார், யானைக்கால்தான் என்றார், மருந்து எழுதினார். "தொட்டுப் பாக்காமலேயா?" என்று நீங்கள் கேட்டீர்களாம். அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த மருந்தை நீங்கள் வாங்கவே இல்லை.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் முழுக்க உங்கள் காலைப் பற்றி எழுதினீர்கள். எழுந்ததும் முதல் பத்தடி கத்தி போல இருக்கிறது, பிறகு இளகுகிறது. சமமான பாதையில் சுகம், வரப்பில் ஏறினால் உள்பக்கம் குத்துகிறது. மழைக்கு முந்தின நாள் இறுகுகிறது. தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்தால் காலையில் வீக்கம் பாதி. காய்ச்சல் ஒருநாளும் இல்லை. வைத்தியர்கள் யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் நீங்களாகவே பதில் எழுதிவைத்தீர்கள்.

வடக்கே ரயிலில் போனால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே போவது என்று முடிவாயிற்று. வாத்தியார் வேலை பார்த்த அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு வர முடியவில்லை. துணைக்கு என்னை அனுப்பினார்கள். உங்களுக்காக நான் வரவில்லை மதினி. என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

அந்த டாக்டரம்மா புத்தகத்தைப் பார்த்துப் படித்த தமிழில் பேசினார். "இரண்டு கால்களையும் நீட்டுங்கள்" என்றார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே உங்கள் கண் கலங்கியது. வலியெல்லாம் தாங்கியவர் அதற்குக் கலங்கினீர்கள். நல்ல காலையும் நோவுக் காலையும் மாறி மாறித் தொட்டார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். பாதத்தை மேலும் கீழும் பைய அசைத்தார். மரக்கதவு உராய்வது போல உள்ளே நெறுநெறுவென்றது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நீங்கள் தாளை நீட்டினீர்கள். நர்ஸ் நம் ஊர்ப் பக்கத்துப் பெண். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"எப்போதாவது விழுந்தீர்களா?"

"இல்லம்மா" என்றீர்கள். பிறகு நினைவு வந்து, "சின்னப் பிள்ளையில விழுந்தேன்" என்றீர்கள். பன்னிரண்டு வயதில் தலையில் பதனீர்ப் பானையோடு வரும்போது பனங்காட்டுக் குழியில் கால் திரும்பியது, அப்பா பனைமட்டையைச் சிம்பாகக் காலோடு சேர்த்து வைத்துக் கட்டினார், இரண்டு மாதம் படுத்திருந்தீர்கள். "அது அப்பமே ஆறிட்டே" என்றீர்கள்.

ஆறியது, ஆனால் கோணலாக ஆறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு உடைந்த எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, இத்தனை வருஷம் நடந்ததில் மூட்டு உராய்ந்து தேய்ந்துவிட்டது, அதனால்தான் வீக்கம். கணுக்காலில் கீல்வாதம். யானைக்கால் அல்ல. யாருக்கும் ஒட்டாது.

"முழுசா சொகமாகுமா?" என்று கேட்டீர்கள்.

"ஆகாது" என்றார் அவர். "ஆனால் நீங்கள் நடக்கலாம்."

கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற உயர்ந்த பூட்ஸ், கையில் கம்பு, காலையில் வெந்நீர், நடுநடுவே ஓய்வு, இனி யாரும் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். நீங்கள் உடனே, "இத அப்படியே தமிழ்ல எழுதித் தாங்க. யானைக்கால் இல்லங்கறத மொதல்ல எழுதுங்க" என்றீர்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

ரயிலில் திரும்பும்போது நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தபடியே வந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. "சொகமாகாதுன்னுல்லா சொல்லிட்டாக மதினி?" என்று கேட்டேன்.

"ஆகாதுளா. ஆனா இன்னதுன்னு பேரு தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் என் காலோட மட்டும் மல்லுக்கட்டுனாப் போதும். ஊரோட மல்லுக்கட்ட வேண்டாம்."

ஊரோடு மல்லுக்கட்டுவது அதோடு முடியவில்லை. நாங்குநேரிக்காரர்கள் ஒருவழியாகப் பெண் பார்க்க வந்தார்கள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. "நீ அடுக்களைக்குள்ளயே இரி" என்று உங்களிடம் சொன்னாள். பையனின் அம்மாவும் அவருடைய அண்ணனும் வந்து உட்கார்ந்து காப்பி குடித்து முடித்ததும், கம்பை ஊன்றிக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தீர்கள். நாற்காலியை இழுத்து அவர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்க கேள்விப்பட்டது இந்தக் காலைப் பத்தித்தான்" என்று சேலையை ஒரு சாண் தூக்கிக் காட்டினீர்கள். "மறைச்சு வச்சுக் கலியாணம் பேசுனா நாளைக்கு என் நாத்தனாருக்குத்தான் கொறச்சல். நல்லாப் பாருங்க. தொட்டும் பாருங்க."

அண்ணன் தரையைப் பார்த்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெளியே வந்திருக்க வேண்டும். வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலை என் மடியில் எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கூட வந்த பெரியவர் சீட்டை வாங்கிச் சத்தமாக வாசித்தார். அதைக் கேட்டுவிட்டு அவர் தங்கை, அதாவது என் மாமியார், பாயிலிருந்து நகர்ந்து வந்து உங்கள் கணுக்காலில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கே. ரொம்ப வலிக்காம்மா?"

அத்தனை மாதத்தில் நம் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. நீங்கள் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தீர்கள். அவர் கையை எடுக்கவில்லை. "எனக்கும் முட்டு இப்பிடித்தான், விடிஞ்சா மடக்க முடியல. அந்த டாக்டரம்மா முட்டுவலியும் பாப்பாகளா?" என்று கேட்டார். முதலில் அண்ணன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றே பேச்சு முடிவாயிற்று. கல்யாணமாகி வந்த பிறகு மாமியார் என்னிடம் சொன்னார்: "ஒன்னையப் பாத்து எடுக்கலளா. ஒங்க மதினியப் பாத்துத்தான் எடுத்தேன். அப்பிடி ஒருத்தி இருக்க வீட்டுல பொண்ணு எடுத்தா ஏமாற மாட்டோம்." எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

சீட்டைப் பார்த்து மிஷனிலும் உங்களை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்களுக்குப் பூட்ஸ் தைக்கிறவரிடம் உங்கள் காலுக்கு அளவு கொடுத்தீர்கள். சேலைக்குக் கீழே பூட்ஸ் போட்ட பெண்ணை அந்தப் பக்கத்து ஊர்கள் அதுவரை பார்த்ததில்லை. "போலீஸ்காரி வாரா" என்று வரப்பில் நின்று கேலி செய்வார்களாம். "கள்ளி யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, பிடிச்சிட்டுப் போறேன்" என்று பதில் சொல்லிவிட்டு நடப்பீர்களாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வலி அடங்கிய பிறகுதான் போவீர்கள். போகாமல் இருந்ததில்லை.

வீடு வீடாக ஏறி இறங்கக் கால் விடாததால் வேறு வழி செய்தீர்கள். ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் இங்கன வாங்க" என்றீர்கள். வாசலைத் தாண்டாத பெண்கள் எப்படி வருவார்கள் என்று மிஷனில் சந்தேகப்பட்டார்கள். முதலில் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் பன்னிரண்டு பேர். பாயைச் சுருட்டியவளும் வந்தாள். அவளே உங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவள் மேல் கோபம் இல்லையா என்று நான் கேட்டதற்கு, "அவளுக்கும் அது என்னன்னு தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் பயந்தோம்" என்றீர்கள்.

மதினி, இப்போது என் மூத்தவளுக்கு எட்டு வயது. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று வந்து நின்றால், என் வாயிலிருந்து தானாக வருகிறது: "எங்கன? எப்ப இருந்து? என்ன செஞ்சாக் கொறையுது?" போன வாரம் அவள் சலித்துக்கொண்டு, "நீ என்ன டாக்டரா?" என்று கேட்டாள். "இல்லளா, ஒங்க அத்தைகிட்ட இருந்து வந்த பழக்கம்" என்றேன். "அத்தை டாக்டரா?" என்றாள்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். பனங்காட்டையும் ரயிலையும் பூட்ஸையும் சொன்னேன். நடுவீட்டில் நீங்கள் சேலையை ஒரு சாண் தூக்கியதைச் சொன்னேன். "அப்ப நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்டாள்.

கதவுக்குப் பின்னால் நின்றேன் என்று சொன்னேன். சடை பின்னும்போது உங்களிடம் கேட்டதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால், நீங்கள் எத்தனை பேரை எதிர்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி மதினி. இத்தனை வருஷம் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான்.