திபோவுக்கு ஒரு பேரிமரப் பிடி

அன்பு மருமகளே,

பிரான்சின் சவோய் மலைகளின் மடக்குக்கத்திப் பேரரசனாகிய உன் மாமா எழுதுவது. என் நாற்பத்தொரு கத்திகளும் நலம். எல்லாம் சந்தையில் வாங்கிய மலிவுக் கத்திகள்தான். ஆனால் பிடிகளை நான் செதுக்கிய பிறகு மூன்று நாட்டு ராஜாக்கள் வாசலில் நின்று கெஞ்சுகிறார்கள்.

போன கோடையில், சாப்பாடு முடிந்ததும் நாங்கள் வழக்கம்போல் கத்திகளை ரொட்டியில் துடைத்து வைத்தோம். உன் புருஷன் திபோ, உதவி செய்வதாக நினைத்து, பன்னிரண்டு கத்திகளை அழகாக மடக்கி வெந்நீரில் ஊறப்போட்டார். மாலையில் பார்த்தால் பிடி மரம் ஊதி, ஒன்றுகூடத் திறக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் எதிர்மலையில் பனி சரிந்தது.

“பாரிஸ்ல கத்தியைக்கூடக் குளிப்பாட்டித் தூங்க வைப்பீங்களோ மாப்ளே?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “உதவி பண்ண வந்த மனுசனை இப்படி அசிங்கப்படுத்திட்டீங்களே மாமா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டோம்” என்றாய் நீ. இரவு தங்க வந்தவர்கள் இருட்டுமுன்னே காரைக் கிளப்பிவிட்டீர்கள்.

மரம் காய்ந்து, மூன்றாம் நாளே பன்னிரண்டும் திறந்துகொண்டன. காயும் என்பது கத்தும்போதே எனக்குத் தெரியும். இதை எழுதத்தான் பத்து மாதம் ஆயிற்று.

திபோவுக்கு இடக்கைப் பழக்கம் அல்லவா? அந்தக் கைக்கென்றே ஒரு கத்திக்குப் பேரிக்காய் மரத்தில் பிடி செதுக்கியிருக்கிறேன். இங்கே யாரும் யாருக்கும் கத்தி எடுத்து வைப்பதில்லை, அவரவர் பையிலிருந்துதான் எடுப்பார்கள். ஆனாலும் ஞாயிறுதோறும் அதைத் திறந்து, ஒரு வெறும் தட்டின் இடப்பக்கம் வைக்கிறேன். சாப்பிட்டு முடித்து நானே மடக்குகிறேன்.

இந்த ஞாயிறு அவரே மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் இருவருக்கும்
வாய்நீண்ட மாமா