கூப்பிடு தூரத்துக்கு ஒரு துவக்கு

றெக்ஸ்டேல்,
21.04.2024

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

நீரும் மகள் மெலனியும் சுகம் என்று நம்புகிறேன். ஃபோன் எடுத்திருக்கலாம். எடுத்தால் நீர் ஏதாவது கேட்பீர், நான் "ம்" என்பேன், நீர் வைத்துவிடுவீர். அதனால்தான் எழுதுகிறேன்.

உமது கையெழுத்து ஒன்று வேண்டும், படிவம் இதோடு இருக்கிறது. விவாகரத்து என்று நினைக்காதீர். வேட்டைக்குத் துவக்கு வாங்க லைசென்சுக்கு.

வீட்டைவிட்டு இந்த அறைக்கு வந்த புதிதில், என்னோடு வேலை செய்யும் வின்சன்ற் அண்ணை மான் வேட்டைக்குப் போகும்போது சாமான் தூக்க என்னையும் ஹலிபேட்டன் பக்கம் கூட்டிப்போனார். விடியும் நேரம் ஒரு மரத்தடியில் இருந்தோம். எதிரே மரம் என்று நான் நினைத்திருந்தது மெல்லத் தலையைத் திருப்பியது. மான், றோஸ்! அதன் மூச்சு புகையாக வருவதைப் பார்க்குமளவு பக்கத்தில். எப்படி வந்தது? ஒரு சருகுகூடச் சத்தம் போடவில்லை. சின்ன வயதில் பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது. வின்சன்ற் அண்ணை சுட்டார். பிறகு விழுந்த மானுக்கு முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து எனக்கு அந்தக் காடுதான் நினைவு.

வகுப்புகளுக்குப் போய்ச் சோதனையும் பாஸ். ஆனால் பிரிந்திருக்கிற மனைவியின் கையெழுத்தையும் கேட்கிறார்கள். நீர் வைக்காவிட்டால் உம்மை ஃபோனில் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். முடிவு உம்முடையது.

அன்புடன்,
கிளிபோட்

*

மல்வேர்ன்,
05.05.2024

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் கோபத்தோடு வாசித்தேன். பிறகு அதிசயத்தோடு வாசித்தேன். பத்தொன்பது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கறியில் உப்புக் கூடிவிட்டது என்றுகூட நீங்கள் வாய் திறந்ததில்லை. ஒரு மானைக் கண்டதும் இவ்வளவு கதையா? அந்த மானைவிட நான் எதில் குறைந்துபோனேன்?

கோபம் ஏனென்று உங்களுக்குத் தெரியும். மன்னாரில் என் அண்ணா அன்புராசாவை வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பாதவர்களின் கையிலும் துவக்குத்தான் இருந்தது. அந்தச் சாமானுக்கு நான் கையெழுத்து வைக்க வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அடித்ததில்லை, ஏசினதில்லை. பேசினதுமில்லை. பேசாத மனிதனின் மனதுக்குள் என்ன கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களை நம்பித் துவக்கைக் கொடுக்கலாமா என்று அந்த ஆட்கள் கேட்டால் நான் என்ன சொல்ல? மெலனி மட்டும், "அப்பா சேஃப்பான ஆள்தானே அம்மா" என்கிறாள்.

எந்தத் துவக்கு, ஏன் அந்தத் துவக்கு என்று எழுதுங்கள். "ம்" என்று எழுதினால் கிழித்துப்போடுவேன்.

இப்படிக்கு,
றோஸ்மேரி

*

றெக்ஸ்டேல்,
26.05.2024

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

கேட்டீர், சொல்கிறேன்.

வின்சன்ற் அண்ணையோடு துவக்குக் கடைக்குப் போனேன். விற்கிற பெடியன் முதலில் எடுத்து நீட்டியது கறுப்பாக, நீளமாக, மேலே பெரிய தொலைநோக்கியோடு ஒன்று. அரை மைலுக்கு அப்பால் நிற்பதையும் விழுத்துமாம். கையில் வாங்கினேன். ஊரில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எங்கள் நெஞ்சுக்கு நேரே பிடித்தது ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வின்சன்ற் அண்ணை சொன்னார்: "உது வயல்வெளிக்குச் சரி. எங்கட காட்டுக்கை மான் கூப்பிடு தூரத்திலைதான் வரும். பெரிய கண்ணாடிக்குள்ளாலை பாத்தா மயிர்தான் தெரியும், மான் தெரியாது."

அதனால் நான் பார்த்து வைத்திருப்பது மரப்பிடி போட்ட கட்டைத் துவக்கு. பாரமில்லை, கிளைகளுக்குள் சிக்காது. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறது. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால்தான் அடுத்த ரவை, அதாவது குண்டு, ஏறும். தேர்ட்டி-தேர்ட்டி என்ற பழைய ரவை. தூரம் போகாது. எனக்குத் தூரம் தேவையுமில்லை.

பாரமான ரவை பற்றையைக் கிழித்துக்கொண்டு போகும் என்று கடையில் ஒருவர் பெருமையடித்தார். பொய்யாம். ஒரு சுள்ளி பட்டாலே எந்த ரவையும் திசை மாறிவிடுமாம். மானுக்கும் சுடுகிறவனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு இடைவெளி வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் சுடக்கூடாது. எனக்கு அது பிடித்துக்கொண்டது.

வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்கலாம் என்று யோசிக்கிறேன், புதுக் காருக்குச் செய்ததுபோல. என்ன சொல்கிறீர்?

அன்புடன்,
கிளிபோட்

*

மல்வேர்ன்,
18.08.2024

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

உங்களுக்கு என்ன விசரா? ஞாயிறு பூசைக்குத் துவக்கோடு வந்து நின்றால் சனம் இருக்கிற வாங்குக்குக் கீழே படுத்துவிடும், பொலிஸ் வந்து உங்களைக் கொண்டுபோய்விடும். என்றாலும் சுவாமியிடம் கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "துவக்கு வேண்டாம். பிடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவருக்குச் செபிக்கிறன்" என்றார்.

கையெழுத்து வைக்காமல்தான் படிவத்தை உங்களுக்குத் திருப்பி அனுப்பினேன். மனம் வரவில்லை. நீங்கள் சொன்னபடியே லைசென்ஸ் கந்தோரிலிருந்து ஒரு பெண் ஃபோன் எடுத்தா. பணிவாகத்தான் பேசினா. கடைசியில், "அவருக்கு நீங்கள் பயமா?" என்று கேட்டா. அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்டிவிட்டு யோசித்தேன். "இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே விளங்கியது. எத்தனை பெண்களால் இப்படி மனமறிந்து சொல்ல முடியும்?

அதற்காக வீட்டுக்கு வரச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பயமுறுத்தாத ஆளோடு வாழ்ந்தும் தனிமையாக இருக்கலாம். இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

கட்டைத் துவக்கையே வாங்குங்கள். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுகிற செம்மஞ்சள் சட்டையைப் போடாமல் காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
றோஸ்மேரி

*

றெக்ஸ்டேல்,
10.11.2024

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

லைசென்ஸ் கிடைத்து, துவக்கும் வாங்கி, காட்டுக்குப் போய் வந்தோம். நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்.

விடிந்தபோது முதல் பனி கொட்டத் தொடங்கியது. காடு முழுக்க ஒரு சத்தமில்லை. வின்சன்ற் அண்ணை கொஞ்சம் பின்னால் இருந்தார். வாயைத் திறக்கக்கூடாது, இருமக்கூடாது என்று படித்துப்படித்துச் சொல்லியிருந்தார். எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன்.

பெரிய கலைமான். முதுகில் பனி படிந்திருந்தது. இரண்டு ஊசியிலை மரங்களுக்கு நடுவே வந்தது, நின்றது. நடுவில் ஒரு சுள்ளிகூட இல்லை. துவக்கு தோளில் இருந்தது. விரல் இன்னும் விசைக்குப் போகவில்லை. அந்த நேரம் மேகம் விலகி வெளிச்சம் அதன் கொம்பில் விழுந்தது, றோஸ். உலகம் உண்டான அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.

"றோஸ், இஞ்சை பாரும்!" என்றேன்.

வாய்விட்டு, பலமாக. காடே கேட்டது. மான் என்னை ஒரு தரம் பார்த்தது. பிறகு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல்.

"காட்டுக்கை வந்து ஆரோடையடா கதைக்கிறாய்?" என்று வின்சன்ற் அண்ணை கத்தினார். வரும் வழியெல்லாம் ஏசினார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த நேரத்தில் நீர் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் சிவபாதம் தன் வீட்டில் துவக்கு வைக்க விடமாட்டாராம். இப்போதைக்கு வின்சன்ற் அண்ணையிடம் பூட்டிக் கிடக்கிறது.

அன்புடன்,
கிளிபோட்

*

மல்வேர்ன்,
17.11.2024

என் அன்புள்ள கிளிபோட்டுக்கு,

சிரிக்கவில்லை. மெலனிக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

பேஸ்மன்றில் படிக்குக் கீழே அளந்து பார்த்தோம். துவக்குப் பெட்டி வைக்க இடம் போதும். நல்ல பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் உடுப்புகளையும் கொண்டுவாருங்கள்.

அடுத்த முறை காட்டுக்கு நானும் வருகிறேன். அங்கே வாயை மூடிக்கொண்டிருங்கள். வீட்டில் பேசுங்கள்.

உங்கள்,
றோஸ்