முத்தையாவுக்குக் கொடுத்த அலவாங்கு

வியாழன் இரவு, நமுனுகுல.

இன்று முத்தையா என் வாசலில் வந்து நின்றார். தேயிலைத் தோட்டத்துக் கோயில் தலைவராக இருந்தவர். போன மாதம்தான் அவரும் மனைவியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். நேற்று மனைவி இறந்துவிட்டாள்.

இங்கே யார் செத்தாலும் லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள் கூடித்தான் குழி வெட்டுவார்கள். வேதத்துக்கு மாறியவள் என்று இவளுக்கு ஒருவரும் வரவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டதே முத்தையாதான். நானும் அம்மாவும் சபைக்குப் போகத் தொடங்கிய வருடமே அம்மா செத்தாள். "வேதக்காரனுக்கு எவனும் குழி வெட்டப் போகக் கூடாது" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தனியாக வெட்டினேன்.

"சகோதரரே, நீங்கதான் வரணும்" என்றார் இன்று. அன்றைக்கு அவருக்கு நான் 'டேய்'.

"எங்கம்மா குழி ஞாபகம் இருக்கா?"

"பழசையெல்லாம் ஆண்டவர் மன்னிச்சிட்டாருங்க."

"என்கிட்ட எப்ப கேட்டீங்க?"

குழி தோண்டும் அலவாங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதாலதான் வெட்டினேன். கல்லு மண்ணு. பாத்துக் குத்துங்க."

ஏன் கூடப் போகவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்பார். கேட்கட்டும். ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், வாய் வரவில்லை.

இப்போது தகரத்தில் மழை கொட்டுகிறது. பாதிக் குழிதான் ஆகியிருக்கும், தண்ணீர் நிற்கும். அம்மா குழியிலும் நின்றது. விடிய விடிய வாளியால் இறைத்தேன்.

வாளி கேட்டும் வருவார். எடுத்து வாசலில் வைத்துவிட்டேன்.