உன் கணவரின் பதில்

உன் கணவர் இப்போதுதான் எழுந்து போனார். கல்லூரியில் நம் துறை அறையில் இன்னும் மெஷின் ஆயில் வாசனை நிற்கிறது. உன் புடவையிலும் இது லேசாக அடிக்கும். நான் கிண்டல் செய்வேன்.

காதலில் ஆராய்ச்சியா என்று கல்லூரியே நம்மைப் பார்த்துச் சிரித்தது. ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பதிகளின் நெருக்கம்தான் நம் தலைப்பு. அந்தரங்கம், பிணைப்பு என்று புத்தகத் தமிழில் கேள்விகள் எழுதிக்கொண்டு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினோம். முதல் வீட்டுப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட், அவருக்கு நைட்டு. ஞாயித்துக்கெழம வந்து கேளுங்க மேடம்" என்றாள். திரும்பும் வழியெல்லாம் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். மறுநாள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டே கேள்விகளை வைத்தாய். ஒரு நாளில் எப்போது மனம் நிறைந்திருக்கிறது? எப்போது தனியாக இருப்பதாகத் தோன்றுகிறது?

கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போகக் கூடாது. அது நீ போட்ட விதி. மறுபடி வீடு வீடாகப் போவதற்கு முன், புதிய கேள்விகளை நாமே ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தோம். இரண்டாவது கேள்விக்கு நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"அவரு வேலை முடிஞ்சு வந்து பேசாம உக்காந்திருப்பாரு பாரு, அப்பதான்டி."

நீ இறந்த பிறகு அவர் இங்கே வருவது இதுதான் முதல் முறை. நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நீ அவரிடம் சொல்லியிருந்தாயாம். தன்னைப் பற்றி நீ என்ன சொன்னாய் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். விதியைச் சொன்னேன். கோபப்படவில்லை. "அப்ப என்னையும் கேளுங்க மேடம். ஊரெல்லாம் போய்க் கேட்டவ, என்னை மட்டும் கேக்கல" என்றார். சொந்த வீட்டை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்றுதான் நீ விட்டிருந்தாய். அது அவருக்குத் தெரியாது.

முதல் கேள்வியைக் கேட்டேன்.

"வேலை முடிஞ்சு வந்து அவ பக்கத்துல சும்மா உக்காந்திருப்பேன் மேடம். நாள் பூரா மெஷின் சத்தம். அங்க உக்காந்தாதான் மனசு அடங்கும். பேசணும்னே தோணாது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் போகும்வரை நிமிரவில்லை. பிறகு அழுதேன்.

உன் பதிலை அவரிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது என்னோடு இருக்கும். அவருடையதை மட்டும், விதியை மீறி, உனக்குச் சொல்லிவிட்டேன். உன் வீட்டிலும் ஒரு தடவை கேட்டிருக்கலாமேடி.