மொட்டைமாடிக்கு ஏற்ற மாதம்

ஏப்ரல் 11

மதியம் கரண்ட் போனது. வீட்டுக்காரருடைய ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு நின்றது. சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றுவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுகிறார். ஒன்றுமில்லையாம்! இரண்டு மணி நேரம் சிலிண்டர் முள் இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போதும். மாடியில் சோலார் போட்டே தீருவது, பேட்டரியோடு.

ஏப்ரல் 14

மொட்டைமாடி எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை; கீழ்வீட்டில் இருக்கும் இவருடைய அண்ணனுக்கும் பாதி. பெரியவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். இந்த வெயிலில் எவன் மாடியேறுவான், அவசரத்தில் கோணலும் மாணலுமாகப் போட்டுவிட்டுப் போவான், கொஞ்சம் குளிரட்டும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

மே 20

மூன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. எழுதத் தெம்பில்லை.

ஜூன் 27

குளிர்ந்துவிட்டதே என்று பெரியவரிடம் கேட்டேன். மழைக்காலத்தில் தளத்தில் துளை போட்டால் தண்ணீர் இறங்குமாம். தண்ணீர் இறங்கினால் மேல்வீட்டில் இருக்கிற என் தலையில்தானே இறங்கும்? கீழே படுத்திருப்பவருக்கு என்ன கவலை? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏன் விழுங்குகிறேன் எப்போதும்?

அக்டோபர் 30

மழை விட்டது; எங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழைதான், ஐப்பசி மழை எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது புதுக்கதை. இனி பகல் குறைந்துவிடும், பேனல் சும்மா கிடக்கும், கோடைக்கு முன்னால் பார்க்கலாமாம். பத்தொன்பது வருடமாகப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். எனக்கே சூரியனைப் பற்றிப் பாடம்! வெயிலடித்தால் வெயில், பெய்தால் மழை, விட்டால் குளிர். பெரியவருக்காகப் பதிமூன்றாவது மாதம் ஒன்று நான் எங்கே போய்ப் பிடித்து வருவது?

நவம்பர் 3

யாரிடமும் கேட்காமல் சோலார் போடும் பெண்ணை வரவழைத்தேன். சின்ன வயதுதான், ஆனால் கை அளவு, கண் அளவு இரண்டும் கச்சிதம். நாலு மூலையும் நடந்து, எந்த நேரத்தில் எங்கே நிழல் விழும் என்று குறித்துக்கொண்டாள்.

“பேனலுக்கு வெளிச்சம்தான் வேணும் டீச்சர், சூடு வேண்டாம். கொளுத்துற வெயில்ல அதுவும் கொஞ்சம் சோர்ந்துதான் போகும்,” என்றாள். கோடை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்களாம், ஆள் கிடைக்காதாம். மின்வாரிய அனுமதிக்கே இரண்டு மாதம் ஆகும். இப்போது ஆரம்பித்தால் வெயிலுக்கு முன்னால் ஓடத் தொடங்கிவிடும். தளம் காய்ந்திருக்கிறது, ஆட்கள் பகல் முழுக்க நிற்கலாம். இதைவிட நல்ல நேரம் இல்லை.

இவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நவம்பர் 4

அவள் எழுதிக் கொடுத்த தாளோடு கீழே போனேன். இந்த முறை விழுங்கவில்லை. உங்கள் தம்பிதானே, உடன்பிறந்தவன் மூச்சை நாள் நட்சத்திரம் பார்த்தா தள்ளிப்போடுவது என்று கேட்டேவிட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் என்னம்மா பண்ணுவேன்? வேண்டாம்னு சொல்லச் சொன்னதே அவன்தான்.”

ஒவ்வொரு தடவையும். நான் படியிறங்குவதற்கு முன்னால் இவர் போனில் சொல்லிவிடுவாராம். காரணம் மட்டும் பெரியவருடையது.

படியேறியது நினைவில்லை. ஏன் என்று இவரிடம் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“பேனல் இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும்னு சொல்றாங்க. எனக்காக எதுக்கு? நான் போனப்புறம் அதைப் பாத்துப் பாத்து நீ அழவா?”

அடப்பாவி மனுஷா. ஏழு மாசம்! ஏழு மாசமா ஒரு நல்ல மனுஷனை மனசுக்குள்ள திட்டித் தீத்தேனே. யாரைக் கேட்டு நாள் குறிச்சார் இவர்? டாக்டர்கூடச் சொல்லலையே.

“ஏப்ரல்ல உங்க உதட்டைப் பாத்தது நான். நீங்க இல்ல,” என்றேன்.

நவம்பர் 6

பெரியவர் கையெழுத்துப் போட்டார். இவர் என்னோடு பேசவில்லை. நான் மட்டும் பேசினேனா?

டிசம்பர் 19

ஆறு பேனல், இரண்டே நாளில் வேலை முடிந்தது. இதமான வெயில். பெரியவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு துளையிலும் கசிவு அடைப்பானைத் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். இவர் சின்ன சிலிண்டரோடு மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து, சாய்வு எத்தனை டிகிரி என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தேன்.

ஜனவரி 28

அனுமதி வந்தது. இணைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 9

பள்ளியிலிருந்து வந்தால் இவர் வாசலிலேயே நாற்காலி போட்டிருக்கிறார். பதினொன்று பத்திலிருந்து ஒன்றே முக்கால் வரை தெரு முழுக்கக் கரண்ட் இல்லையாம். பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்து கேட்டபோதுதான் இவருக்கே தெரிந்ததாம். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு விடவில்லை. நாலு மணிக்குத் தண்ணீர்த்தொட்டியின் நிழல் கடைசி பேனலில் விழுகிறதாம்.

“அடுத்த வருஷம் மழை விட்டதும் அந்தப் பேனலைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லணும். நான் கூட நிக்கணும், இல்லன்னா கோணலா வச்சிடுவாங்க,” என்றார்.

பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். இன்னும் கோபம் தீரவில்லை என்றே நினைத்துக்கொள்ளட்டும்.