கலங்கல் தண்ணீருக்கு என்ன நிறம்?

கௌலா ஆற்றங்கரை, ஸ்தோரன்
ஜூன் 5, 1979

அன்புள்ள ஐலர்ட்,

ஒன்றரை வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, நல்ல செய்திதான். நம் மகள் தோர்டிஸுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது! யோவான் திருநாள் ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். நம் ஆற்றுச் சால்மன்தான் விருந்து என்று வாய்விட்டுவிட்டேன். கடலிலிருந்து மீன் ஏறிவிட்டது, துள்ளும் சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. ஆனால் மழையில் ஆறு ஒரேயடியாய்க் கலங்கிக் கிடக்கிறது. தூண்டில் வீசி வீசிக் கைதான் வலிக்கிறது. நீ விட்டுப்போன பெட்டியில் எத்தனை நிறத்துத் தகட்டுப் பொய் இரைகள்! கலங்கல் தண்ணீருக்கு எதைக் கட்டுவது? அதை மட்டும் எழுது.

போர்ஹில்ட்


ஸ்டாவங்கர்
ஜூன் 11

என் பிரிய போர்ஹில்ட்,

நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து கரைக்கு வந்ததும் உன் கடிதம்! விடுதியில் கண்ணில் பட்டவரையெல்லாம் கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டேன். சரி, நிறம். வெள்ளித் தகட்டைத் தொடாதே, அது தெளிந்த நீருக்கு. நம் ஆறு கலங்கினால் காப்பி நிறம். செம்புத் தகடு கட்டு, முதுகில் ஆரஞ்சுப் பட்டை போட்டதை. அந்தப் பழுப்பில் தணல் மாதிரித் தெரியும். பெரிய பாறைக்குக் கீழே வீசி, மெதுவாக இழு.

நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஐலர்ட்


ஸ்தோரன்
ஜூன் 25

ஐலர்ட்,

பிடித்துவிட்டேன்! பதினாலு கிலோ!

முதலில் உன் செம்பைத்தான் கட்டினேன். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பண்ணை ஒட்மன்ட் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னம்மா, வீட்டுக்காரர் கடுதாசிய மீனுக்குப் படிச்சுக் காட்டுனியா?" என்றான். எரிச்சலில் ஒரு கண்ணாடிக் குவளையில் ஆற்றுநீரை மொண்டு பார்த்தேன். காப்பி நிறமே இல்லை, சாம்பல்! போன இலையுதிர் காலத்தில் மேல் வளைவில் களிமண் கரை சரிந்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் இப்படித்தான். உனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சாம்பலில் செம்பு கண்ணுக்கே தெரியவில்லை. இருப்பதிலேயே பெரிய தகட்டை எடுத்து, ஒரு பக்கம் வேலிக்கு வாங்கிய கறுப்புப் பெயிண்ட், மறுபக்கம் தோர்டிஸின் சைக்கிளுக்கு அடித்த பளீர்ப் பச்சை என்று பூசினேன்.

விருந்தன்று காலை, தோளே கழன்றுவிட்ட மாதிரி ஓர் இழுப்பு! தோர்டிஸ் புதுச் சட்டையோடு ஆற்றில் இறங்கிவிட்டாள்.

"நூல விடும்மா! இறுக்காத!"

"நீ மொதல்ல வலையக் கொண்டாடி!"

ஒட்மன்ட் வேலி தாண்டி ஓடி வந்து, "அட, மீனா இது, கன்னுக்குட்டியா?" என்று கத்துகிறான். மீனைக் கரையில் போட்டுவிட்டு, இடுப்பு வரை நனைந்து, நானும் தோர்டிஸும் சிரித்த சிரிப்பு!

சம்பந்தி மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். நான் நன்றாக இருக்கிறேன்.

போர்ஹில்ட்


ஸ்டாவங்கர்
ஜூலை 2

பிரிய போர்ஹில்ட்,

உன் மீனை விடுதி முழுக்கக் கொண்டாடினோம். ஆனால் கரை சரிந்தது எனக்குத் தெரியாது. ஆற்றின் நிறம் மாறியதுகூடத் தெரியாத தூரத்தில் இருந்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் விடுப்பு. வீட்டில் தங்கக் கேட்கமாட்டேன். அக்கரைக் குடிலில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கிருந்து நான் தூண்டில் வீசினால் உனக்கு ஆட்சேபம் உண்டா?

ஐலர்ட்


ஸ்தோரன்
ஜூலை 6

ஐலர்ட்,

ஆட்சேபம் உண்டு. அக்கரையிலிருந்து நீ வீச, இங்கிருந்து நான் வீச, நடு ஆற்றில் இரண்டு நூலும் சிக்கிக்கொள்ளும். குடில்காரருக்கு வேண்டாமென்று எழுதிவிடு. எந்த ரயில் என்று சொல். ஸ்டேஷனுக்குத் தோர்டிஸை அனுப்புகிறேன்.

இல்லை, நானே வருகிறேன்.

உன் போர்ஹில்ட்