மருமகள் மேல் போட்ட பழி

புரட்டாசி, வியாழன்.

என் தப்பை இன்று மருமகள் சாந்தி மீது போட்டேன். தீப்பெட்டி லேபிளுக்கு ஃபோட்டோஷாப்பில் நான் செய்ததையே போர்டு அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கினேன். லேபிளில் இருந்த சேவல் படம் ஓரளவு தப்பித்தது, எழுத்தெல்லாம் பிசிறடித்துவிட்டது.

"எழுத்தக் கோரல் டிரா சாஃப்ட்வேர்ல போடுவோம் மாமா, எம்புட்டுப் பெருசாக்குனாலும் உடையாது" என்று அவள் முன்பே சொன்னாள்.

"எனக்கே படிச்சுக் குடுக்குதியா?" என்றேன். நானாகக் கற்றவன் என்கிற திமிர்.

போர்டு செய்யச் சொல்லியிருந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி எங்கள் கடைக்கு வந்து அதைப் பார்த்து, "என்ன வே, எழுத்த மழையில நனைச்சீரா?" என்றார்.

"மருமவ செஞ்சது" என்றேன்.

"அப்ப இனி எங்க வேலைய அவ தொடக் கூடாது."

சாந்தி கம்ப்யூட்டரை அணைத்தாள்.

படத்தை ஃபோட்டோஷாப்பில் நான்தான் செய்வேன், அதில் மாற்றமில்லை. எழுத்தைச் சாந்தி கோரலில் போட வேண்டும். அண்ணாச்சியை நாளை கடைக்கு அழைத்து, அவள் காதுபட உண்மையை நான் சொல்ல வேண்டும்.